மரைன் டிரைவ் குடும்பப் படத்தில் அப்பாவைச் சேர்த்தேன். வெட்டி ஒட்டியது போலவே தெரிகிறது, எங்கே தவறு?

கேள்வி: கோலிவாடா மகள்

அனைவருக்கும் வணக்கம். மும்பையில் சயான் கோலிவாடாவில் வசிக்கிறேன். படங்களைத் திருத்துவது எனக்குத் தொழில் அன்று. ஆறு மாதமாக கிம்ப் மென்பொருளை நானாகவே கற்று வருகிறேன். அதனால் அடிப்படைத் தவறாக இருந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள்.

கடந்த டிசம்பரில் அம்மாவுக்கு எழுபது வயது நிறைந்தது. அன்று மாலை 5.15 மணி அளவில் மரைன் டிரைவில், கடலைப் பின்னால் வைத்து, கைப்பிடிச் சுவரை ஒட்டிக் குடும்பமாக நின்றோம். அவ்வழியே நடந்து போன ஒருவர் கைப்பேசியில் படம் எடுத்துக் கொடுத்தார். அம்மா, அண்ணன், அண்ணி, நான் நால்வரும் நிற்கிறோம்; அண்ணனின் பிள்ளைகள் இருவரும் எங்களுக்கு முன்னால். யாரும் சொல்லாமலேயே அம்மாவுக்கும் அண்ணனுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடைவெளி விழுந்திருக்கிறது. அப்பா 2019-இல் காலமாகிவிட்டார். அந்த இடத்தில் அவரை நிறுத்தி, 12×18 அங்குலத்தில் அச்சிட்டு அம்மாவின் கையில் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

என்னிடம் உள்ள நல்ல படம் 2008-இல் அண்ணன் கல்யாணத்தின்போது மாட்டுங்காவில் ஒரு மண்டபத்தில் ஃபிளாஷ் போட்டு எடுத்தது. நெகட்டிவ் கிடைக்கவில்லை, சொரசொரப்பான சில்க் தாளில் போட்ட 4×6 அச்சு மட்டுமே இருக்கிறது. அதை 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்தேன். முழங்காலுக்குச் சற்றுக் கீழ் வரை அப்பா தெரிகிறார். வெள்ளைச் சட்டை, பட்டு வேட்டி, தோளில் அங்கவஸ்திரம், மூக்குக் கண்ணாடி. முகத்தில் நல்ல சிரிப்பு.

இரண்டு இரவு உட்கார்ந்து விளிம்பை வெட்டினேன். ஓரத்தை லேசாக மென்மையாக்கினேன். காலடியில் கறுப்பு நிறத்தில் நிழலும் வரைந்தேன். ஆனாலும் என் தோழி பார்த்த உடனே, "அப்பா அங்கே நிற்கவில்லையே, தொங்குகிறாரே" என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னது உண்மைதான். தானாகவே கலந்து தரும் ஒரு கைப்பேசிச் செயலியையும் முயன்று பார்த்தேன். நிறம் ஒன்றிப் போனது, ஆனால் சிரிப்பு மாறிவிட்டது. அம்மா அதைப் பார்த்தால் வேறு யாரோ என்று சொல்லிவிடுவார். முகம் மாறவே கூடாது.

அப்பாவின் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். அண்ணன் ஐந்தடி எட்டு. அம்மா சரியாக ஐந்தடி. தேவைப்படுமோ என்று சொல்லி வைக்கிறேன். இரண்டு மூலப் படங்களையும், நான் சேர்த்த படத்தையும் இணைத்திருக்கிறேன்.


பதில்: தாராவி ஸ்டுடியோக்காரர்

அம்மா, மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். விளிம்பை மிக நன்றாகவே வெட்டியிருக்கிறீர்கள். குறை அங்கே இல்லை. தாராவி 90 அடி ரோட்டில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கணினி வருவதற்கு முன்பு இதே வேலையைப் பிளேடால் செய்தோம். உருவத்தை வெட்டி, அதன் பின்பக்க ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து மெல்லியதாக்கி, இன்னொரு அச்சின் மேல் ஒட்டி, ஓரத்தில் தூரிகையால் டச்சிங் செய்து, பிறகு அதையே மறுபடி படம் பிடித்துக் காப்பி நெகட்டிவ் எடுப்போம். அப்போதும் ஓரத்தால் மாட்டிக்கொண்ட படங்கள் குறைவு; உயரத்தாலும் வெளிச்சத்தாலும் மாட்டிக்கொண்டவையே அதிகம்.

உயரத்தை முதலில் பாருங்கள். உங்களுக்கு ஒரு பெரிய வசதி அமைந்திருக்கிறது: படத்தில் கடலும் வானமும் சேரும் கோடு தெளிவாகத் தெரிகிறது. அந்தத் தொடுவானக் கோடு எப்போதும் கேமரா இருந்த உயரத்தில்தான் விழும். கடல் நடைபாதையை விடத் தாழ்வாக இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம். அத்தனை தொலைவுக்கு அந்தச் சில மீட்டர் கணக்கில் வராது. ஆகவே சமதரையில் நிற்கும் எல்லோரையும், முன்னால் நின்றாலும் பின்னால் நின்றாலும், அந்தக் கோடு தரையிலிருந்து ஒரே உயரத்தில் வெட்டியாக வேண்டும். உங்கள் அண்ணனை அது மோவாயில் வெட்டுகிறது. அவர் 173 செ.மீ. என்றால் கேமரா ஏறத்தாழ 150 செ.மீ. உயரத்தில் இருந்திருக்கிறது. அம்மாவின் உச்சந்தலையை அதே கோடு தொட்டுக்கொண்டு போவதால் கணக்கு ஒத்து வருகிறது. நீங்கள் வைத்த அப்பாவுக்கோ அது தோளில் போகிறது. தோள் 150 செ.மீ. உயரத்தில் உள்ளவர் ஆறடி ஆளாக இருக்க வேண்டும். உங்கள் அப்பா 163 செ.மீ.; கோடு அவர் கண்ணுக்குச் சற்றுக் கீழே, மூக்குக் கண்ணாடியின் கீழ் விளிம்பை ஒட்டிப் போக வேண்டும். நூற்றுக்குப் பத்து, பதினொன்று குறையும்படி சுருக்கி, கோட்டைக் கண்ணுக்குக் கீழே கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். தொங்குவது அந்த நொடியே நின்றுவிடும்.

கல்யாணப் படத்தை எடுத்தவர் கேமராவை முகத்தின் உயரத்திலேயே பிடித்திருக்கிறார். மோவாயின் அடிப்பக்கமும் தெரியவில்லை, தலையின் மேல்பக்கமும் தெரியவில்லை. ஆகவே கோணம் பொருந்துகிறது. கீழே உட்கார்ந்து மேல்நோக்கி எடுத்த படமாக இருந்திருந்தால் எவ்வளவு திருத்தினாலும் சேராது. வேறு படம் தேடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அடுத்தது நிழல். நீங்கள் வரைந்த கறுப்பு நிழலை முழுவதும் அழித்துவிடுங்கள். டிசம்பரில் மும்பையில் சூரியன் நேர்மேற்கில் மறைவதில்லை. ஏறத்தாழ 25 பாகை தெற்கே தள்ளி மறைகிறது. உங்கள் படத்தில் வடக்கு முனையில் உள்ள மலபார் ஹில் வலப்பக்கம் இருக்கிறது, அப்படியானால் சூரியன் இடப்பக்கப் பின்புறத்தில். மாலை 5.15 மணிக்கு அது பத்துப் பாகை உயரத்தில்தான் இருந்திருக்கும். அந்த உயரத்தில் ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தைப் போல் ஐந்தரை மடங்குக்கு மேல் நீளும். உட்காரும் உயரத்துக்கு இருக்கிற அந்தக் கைப்பிடிச் சுவரின் நிழலே இரண்டு மீட்டருக்கு மேல் நடைபாதையில் விழுந்திருக்கிறது. உங்கள் எல்லோருடைய பாதங்களும் அதற்குள்தான் நிற்கின்றன. பெரிதாக்கிப் பாருங்கள்: யாருடைய காலடியிலும் தனி நிழல் இல்லை; செருப்பு தரையைத் தொடும் இடத்தில் மட்டும் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு இருக்கிறது. அப்படியிருக்க அப்பாவுக்கு மட்டும் எங்கிருந்து நிழல் வரும்?

முழங்காலுக்குக் கீழே படம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். பிள்ளைகள் இருவரையும் அப்பாவுக்கு முன்னால் கொண்டுவாருங்கள். அதாவது அசல் படத்தை இன்னொரு லேயராக (தனி அடுக்காக) நகல் எடுத்து அப்பாவின் மேல் வைத்து, மாஸ்க்கில் (லேயரில் எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று குறிக்கும் மறைப்பில்) பிள்ளைகளை மட்டும் விட்டு மற்றதை மறையுங்கள். அண்ணனின் வலக்கை முழங்கையையும் அதே லேயரில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓர் உருவத்துக்கு முன்னால் வேறு ஒன்று மறைத்து நின்றால்தான் அது அந்த இடத்தில் நிற்பதாகக் கண் நம்புகிறது. பிள்ளைகளின் தலைமுடி அப்பாவின் வேட்டி மேல் விழும் இடத்தை மட்டும் நிதானமாகச் செய்யுங்கள். இந்தப் படத்தில் கடினமான இடம் அதுவே.


பதில்: செம்பூர் ரீடச்சர்

ஐயா சொன்ன தொடுவானக் கணக்கைத்தான் நானும் சொல்ல நினைத்தேன். வெளிச்சத்தைப் பற்றிச் சொல்கிறேன், அக்கா.

மரைன் டிரைவில் உங்கள் எல்லோருக்கும் வெயில் பின்னாலிருந்து வருகிறது. கேமராவைப் பார்க்கும் முகங்கள் நிழல் பக்கம். ஆனாலும் அவை இருண்டு போகவில்லை. கிழக்கு வானத்தின் நீலமும், சாலைக்கு எதிரே வரிசையாக நிற்கும் வெளிர்நிறக் கட்டடங்களில் பட்டுத் திரும்பும் மாலை வெயிலும் சேர்ந்து முகங்களுக்கு மென்மையான வெளிச்சம் கொடுத்திருக்கின்றன. அப்பாவின் மேல் விழுந்ததோ நேர் முன்னாலிருந்து அடித்த ஃபிளாஷ். நெற்றியிலும் மூக்கு நுனியிலும் பளபளப்பு இருக்கிறது, கன்னங்கள் தட்டையாக இருக்கின்றன, காதுக்குப் பின்னால் கூர்மையான நிழல் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீங்கள் வெட்டும்போது அந்த நிழலின் ஒரு கீற்று கழுத்தோடு வந்துவிட்டது, அதை நீக்குங்கள்.

மூக்குக் கண்ணாடியில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் இருக்கின்றன, ஒவ்வொரு வில்லையிலும் ஒன்று. அவை ஃபிளாஷின் பிரதிபலிப்பு. திறந்த வெளியில், வெயிலைப் பின்னால் வைத்து நிற்பவரின் கண்ணாடியில் அப்படிப் புள்ளி வராது. எத்தனை நுட்பமாகக் கலந்தாலும் அந்த இரண்டு புள்ளிகள் மண்டபத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். குளோன் பிரஷ்ஷால் பக்கத்துத் தோல் நிறத்தை எடுத்து மூடுங்கள். இதனால் முகம் மாறாது.

நிறத்தைச் சரிசெய்ய, அப்பாவின் லேயருக்கு மட்டும் கர்வ்ஸ் (வெளிச்சத்தையும் நிறத்தையும் திருத்தும் வளைகோடு) போடுங்கள். முதலில் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு லேயர் வைத்து முழுப் படத்தையும் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். நிறம் கண்ணை ஏமாற்றாதபோது ஒளியின் அளவு மட்டும் தெரியும். அண்ணனின் தலைமுடியில் மிக இருண்ட இடம் எவ்வளவு இருண்டிருக்கிறது, அப்பாவின் முடி எவ்வளவு இருண்டிருக்கிறது என்று ஒப்பிடுங்கள். கடற்கரை மாலையில் காற்றில் இருக்கும் மங்கலாலும், லென்ஸை நோக்கி அடிக்கும் வெயிலாலும், உங்கள் படத்தில் முழுக் கறுப்பு எங்குமே இல்லை. அப்பாவின் முடியும் கண்ணாடிச் சட்டமும் மட்டும் அடர்கறுப்பாக இருக்கின்றன. கர்வ்ஸின் கீழ்முனையைச் சற்று உயர்த்தினால் அவை மற்றவர்களோடு சேர்ந்துவிடும். அது அமைந்த பிறகு கறுப்பு வெள்ளையை எடுத்துவிட்டு, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகத் திருத்துங்கள். ஒப்பிடுவதற்கு அண்ணனின் கன்னத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்கும் அவருக்கும் ஒரே நிறம் என்று கல்யாணப் படத்திலேயே தெரிகிறது.

முகத்தின் தட்டைத்தன்மையைக் குறைக்க, நடுச்சாம்பல் நிறம் நிரப்பிய ஒரு லேயரை ஓவர்லே முறையில் (கீழே உள்ளதை இருட்டாக்கவோ வெளிச்சமாக்கவோ கலக்கும் முறை) வைத்து, மிக மெல்லிய பிரஷ்ஷால் நெற்றியின் நடுவிலும் மூக்கிலும் சற்று இருட்டாக்குங்கள், அவ்வளவே. புதிதாகக் கன்ன எலும்பை வரைய முயன்றால் சிரிப்பு மாறும்; நீங்கள் பயப்படுவது அங்கேதான் நடக்கும்.

பின்வெயிலின் அடையாளம் இரண்டு இடங்களில் வேண்டும். அம்மாவின் தலைமுடியிலும் அண்ணியின் தோளிலும் இடப்பக்க ஓரத்தில் பொன்னிறக் கோடு ஒன்று மின்னுகிறது பாருங்கள். அதே நிறத்தை அங்கிருந்தே எடுத்து, அப்பாவின் தலை, காது, தோள் ஓரத்தில் ஸ்கிரீன் முறையில் (வெளிச்சமாக்கிக் கலக்கும் முறை) தீட்டுங்கள். இரண்டாவது இடம் காது. முன்னால் நிற்கும் சின்னப் பையனின் காதுமடல் வெயில் ஊடுருவிச் சிவந்து நிற்கிறது. பின்னாலிருந்து வெளிச்சம் வரும்போது எல்லாக் காதுகளும் அப்படித்தான் சிவக்கும். அப்பாவின் இடப்பக்கக் காதிலும் அந்தச் சிவப்பை ஒரு சாயலாக வையுங்கள். இதைச் செய்தால் பார்ப்பவருக்கு ஏன் என்று தெரியாது, ஆனால் நம்பிவிடுவார்.

சில்க் தாளைப் பற்றி ஒன்று. அதன் சொரசொரப்பு ஸ்கேனில் புள்ளிப் புள்ளியாக வந்திருக்கிறது. கைப்பேசிப் படத்தில் அது இல்லாததால் அப்பாவின் சட்டை மட்டும் துணிபோல் இல்லாமல் தாள்போல் தெரிகிறது. ஸ்கேனரின் விளக்கு ஒரு பக்கத்திலிருந்து அடிப்பதால் அந்த மேடுகள் ஒரு பக்கம் மின்னி மறுபக்கம் இருள்கின்றன. அச்சை ஒருமுறை நேராகவும், இன்னொரு முறை 180 பாகை திருப்பியும் 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். இரண்டாவதைக் கணினியில் நேராக்கி முதலாவதன் மேல் பொருத்தி, அதன் ஒப்பாசிட்டியை (ஒளிபுகாத் தன்மையை) 50 விழுக்காடாக வைத்தால், மின்னலும் இருளும் ஒன்றையொன்று பெருமளவு அழித்துக்கொள்ளும். 600 என்று சொல்வது கூடுதல் விவரத்துக்காக அன்று. அச்சில் இருப்பது பெரும்பாலும் 300-லேயே வந்துவிடும். இரண்டு ஸ்கேனையும் நுட்பமாகப் பொருத்துவதற்குத்தான். உங்கள் வெட்டு வேலையை மறுபடி செய்ய நேரும், அதற்கு வருந்துகிறேன். பழைய மாஸ்க்கையே இரு மடங்காகப் பெரிதாக்கிப் பொருத்தினால் பாதி உழைப்பு மிஞ்சும்.


பதில்: முலுண்ட் வாசகர்

இருவரும் சொன்னவற்றை மறுக்கவில்லை. ஆனால் ஃபிளாஷ் படத்தைப் பின்வெயில் படமாக்குவது பெரிய பாடு. அப்பா திறந்த வெளியில் நிழலான இடத்தில் நிற்கும் படம் ஏதேனும் வீட்டில் இல்லையா? மரத்தடி, திண்ணை, மாடியின் கிழக்குப் பக்கம், எதுவாக இருந்தாலும் வெளிச்சம் இதைவிட எளிதாகச் சேரும். வேலையில் பாதி சரியான படத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே முடிந்துவிடுகிறது என்பது என் அனுபவம்.


கேட்டவர்: கோலிவாடா மகள்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முலுண்ட் அண்ணா சொன்னதற்காக அலமாரி முழுவதும் தேடினேன். 2011-இல் ஜுஹு கடற்கரையில், மேகமூட்டமான நாளில் எடுத்த ஒரு படம் கிடைத்தது. வெளிச்சம் நீங்கள் சொன்னபடியே மென்மையாக இருக்கிறது. ஆனால் அதில் அப்பா கேமராவைப் பார்க்காமல் கடலைப் பார்க்கிறார். பிறந்தநாள் படத்தில் அம்மாவின் பக்கத்தில் நிற்பவர் முகம் திருப்பியிருக்கக் கூடாது என்று தோன்றியதால் கல்யாணப் படத்திலேயே தொடர்கிறேன். ஆனாலும் அந்த ஜுஹு படம் வீணாகவில்லை. திறந்த வெளியில் அப்பாவின் முகத்தில் நிழல் எங்கே விழும், கண்ணாடி எப்படித் தெரியும் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே திருத்தினேன்.

தொடுவானக் கோட்டைக் கண்ணாடியின் கீழ் விளிம்புக்குக் கொண்டுவந்தபோது, நிறம் எதையும் தொடாத நிலையிலேயே, அவர் தரைக்கு வந்துவிட்டார். அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

காதின் சிவப்பையும் வைத்துவிட்டேன். பிள்ளைகளின் தலைமுடிக்கு நான்கு மாலைகள் ஆயின. இப்போது மிஞ்சியிருப்பது வேட்டியும் சட்டையும். எவ்வளவு குறைத்தாலும் அவை விளக்குப் போட்டது போல் ஒளிர்கின்றன. மேலும் இருட்டாக்கினால் அழுக்குத் துணியாகிவிடுகின்றன. அங்கவஸ்திரத்தின் ஓரத்திலும் ஒரு வெளிறிய கோடு போகவே மாட்டேன் என்கிறது.


பதில்: செம்பூர் ரீடச்சர்

அக்கா, வெள்ளைத் துணியை வெறுமனே இருட்டாக்கினால் சாம்பலாகும், சாம்பல்தான் அழுக்காகத் தெரிகிறது. மாலை வெளியில் வெள்ளை வெள்ளையாக இருப்பதில்லை. உங்கள் அண்ணனின் சட்டையை நிறம் எடுக்கும் கருவியால் தொட்டுப் பாருங்கள். கேமராவைப் பார்க்கும் பக்கம் நீலம் கலந்த சாம்பல், மடிப்பு மேடுகளில் இளஞ்சிவப்பு, இடப்பக்க ஓரத்தில் மஞ்சள். இந்த மூன்றையும் அப்பாவின் வேட்டிக்குக் கொடுங்கள். வேட்டியின் மேல் ஒரு லேயர் வைத்து, அண்ணன் சட்டையின் நீலச்சாம்பலை மல்டிப்ளை முறையில் (இருட்டாக்கிக் கலக்கும் முறை) முழுவதும் பூசுங்கள். பிறகு மாஸ்க்கில் மடிப்புகளின் மேட்டில் மட்டும் பாதி அழியுங்கள். அம்மாவின் புடவை பக்கத்தில் இருப்பதால், அதன் அரக்குச் சிவப்பும் வேட்டியின் அந்தப் பக்கத்தில் மிக லேசாகப் படிய வேண்டும். வெள்ளைத் துணி பக்கத்தில் இருப்பதன் நிறத்தை வாங்கிக்கொள்ளும்.

அங்கவஸ்திரத்தின் ஓரக் கோடு மண்டபச் சுவரின் வெள்ளை. விளிம்புப் புள்ளிகளில் பழைய பின்னணி கலந்திருப்பதால் வருகிறது. மாஸ்க்கை ஒரு புள்ளி அல்லது இரண்டு புள்ளி உள்ளே சுருக்குங்கள். ஜரிகை ஓரத்தில் அப்படிச் சுருக்க இடமில்லாத இடத்தில், டார்க்கன் முறையில் (இரண்டில் இருண்டதை மட்டும் காட்டும் முறை) வைத்த லேயரில், உள்பக்கத்து ஜரிகை நிறத்தையே எடுத்து ஓரத்தில் தீட்டுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு முழுப் படத்தின் மேலும் ஒரே நாய்ஸை (மணல் போன்ற நுண்புள்ளிகளை) மிகச் சிறிய அளவில் போடுங்கள். கைப்பேசிப் படமும் பழைய அச்சும் ஒரே தாளில் எடுத்தவை போல் ஆகிவிடும்.


பதில்: தாராவி ஸ்டுடியோக்காரர்

அம்மா, அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு வார்த்தை. உங்கள் கைப்பேசிப் படம் 4:3 அளவு. அது 12×16-க்குத்தான் சரியாகப் பொருந்தும். 12×18 கேட்டால் மேலும் கீழும் வெட்டுப்படும், பிள்ளைகளின் பாதம் போய்விடும். 12×16 போடுங்கள்.

திரையின் வெளிச்சத்தில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அச்சு இருண்டே தெரியும். ஆகவே நேராகப் பெரிய அச்சுக்குப் போகாமல், அப்பா, அம்மா, அண்ணன் மூவரின் முகமும் வரும் பகுதியை மட்டும், பெரிய அச்சில் வரும் அதே அளவில், ஒரு 4×6-இல் போட்டு வாங்குங்கள். அதை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மூன்று முகங்களில் ஒன்று மட்டும் முன்னால் துருத்தினால் அந்த முகத்தின் வெளிச்சத்தை ஒரு படி குறைத்து மறுபடி போடுங்கள். மேட் தாள் கேளுங்கள். மீண்டும் சில்க் தாளில் போட்டுவிட வேண்டாம். லேயர்களை ஒன்றாகச் சேர்த்துவிடாமல், அவை உள்ள கோப்பைத் தனியே சேமித்து வையுங்கள், பிள்ளைகள் வளர்ந்த பிறகு அவர்கள் கேட்பார்கள்.